மாடிப்படி அம்மாவுக்குப் போன பதில்

அந்த மின்விசிறியை நிறுத்திவிட்டால் உங்கள் பதிவு இன்னும் தெளிவாக இருக்கும். இப்போது உங்கள் காதுக்குத் தெரியாது. நாளைக்குப் போட்டுக் கேட்கும்போது, நான் பேசுவதற்குப் பின்னால் யாரோ ஓயாமல் காகிதம் புரட்டுவது போல் இருக்கும். மைக்கையும் ஒரு சாண் என் பக்கம் தள்ளுங்கள். மேஜைமேல் விரலால் தட்ட வேண்டாம், அதுவும் விழும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் புத்தி. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைப் பிடித்து வைத்தவன் நான். என் பேச்சை ஒருவர் பிடித்து வைப்பது இதுதான் முதல் தடவை.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எங்கள் வானொலி நிலையம் பெரியது ஒன்றுமில்லை. கீழே பல் மருத்துவர், மேலே நாங்கள். பகலில் அவர் பல்லைக் குடையும் சத்தம் தரை வழியாக ஏறி மைக்கில் விழும். அதனால் முக்கியமான பதிவுகளை அவர் கடையைக் கட்டிய பிறகு மாலையில் வைத்துக்கொள்வோம். "உடம்பும் குடும்பமும்" நிகழ்ச்சி அப்படித்தான் வியாழக்கிழமை மாலை பதிவாகி, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போகும். நேயர்கள் வாரம் முழுக்க போன் செய்து, பீப் சத்தம் வந்த பிறகு ஓர் இயந்திரத்திடம் தங்கள் கேள்வியைச் சொல்லி வைப்பார்கள். டாக்டரம்மா வியாழனன்று வந்து, அதைக் கேட்டுப் பதில் சொல்வார். இரண்டையும் நான் ஒட்டுவேன். ஞாயிறன்று கேட்பவர்களுக்கு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது போல் இருக்கும். இதில் ஏமாற்று வேலை ஒன்றுமில்லை. எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் எடிட்டிங்.

டாக்டரம்மாவை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். தூக்கம் வரவில்லை என்று ஒருவர் கேட்டால், "மத்தியானம் அப்படித் தூங்கினா ராத்திரி எப்படி வரும், தூக்கத்துக்கும் மானம் இருக்கும்ல" என்பார். யாரிடமும் ஊர், பேர் கேட்க மாட்டார். கேள்வியிலிருந்தே ஒரு பெயர் வைத்துவிடுவார். வெந்நீர்த் தம்பி, மூட்டுவலி வாத்தியார், குறட்டை வீட்டம்மா. பெயர் கிடைத்தவர்கள் பட்டம் வாங்கியது போல் அதை வெளியே சொல்லிக்கொள்வார்கள். காய்ச்சலுக்கு மாத்திரையும் மாமியார் சண்டைக்குத் தீர்வும் அவரிடம் ஒரே வேகத்தில் கிடைக்கும்.

அவரிடம் எனக்கு இரண்டு சிரமங்கள் இருந்தன. ஒன்று, அவர் மூச்சு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் பழைய கதவைத் திறப்பது போல் சத்தமாக மூச்சிழுப்பார். ஆரம்பத்தில் அதையெல்லாம் வெட்டி எறிந்தேன். பிறகு போட்டுக் கேட்டால், பேசுவது மனுஷி மாதிரியே இல்லை. மூச்சில்லாத பேச்சைக் காது நம்பாது. ஏன் நம்பவில்லை என்று கேட்டால் காதுக்குச் சொல்லவும் தெரியாது. அதனால் அவருடைய சின்ன மூச்சு, பெரிய மூச்சு, சலித்துக்கொள்ளும் மூச்சு என்று தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்கு ஒட்டக் கற்றுக்கொண்டேன். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இரண்டாவது சிரமம், எந்தப் பதிலையும் அவர் முடிக்கும் விதம். "எதுக்கும் நேர்ல ஒரு தடவை காட்டிடுங்க" என்று சொல்லாமல் அவரால் முடிக்க முடியாது. மேனேஜர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் இதையே சொன்னா அப்புறம் ரேடியோ எதுக்கு, நேரா ஆஸ்பத்திரிக்கே போயிடுவாங்களே. அதை எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டேன். நேரம் மிச்சமானது. பதில்களும் தெம்பாக, சந்தேகம் இல்லாமல் நின்றன. நிகழ்ச்சிக்கு மவுசு கூடியது அதன் பிறகுதான். டாக்டரம்மாவுக்கு இது தெரியாது. "என் குரலை நானே கேக்கறது கண்ணாடி முன்னாடி உக்காந்து சாப்பிடற மாதிரி" என்று சொல்லி, அவர் ஒருநாளும் தன் நிகழ்ச்சியைக் கேட்டதில்லை. வெட்டியதை நான் எறியவில்லை. எந்தக் குரலையும் அழித்துவிட எனக்கு மனம் வராது.

என் மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். நல்லவள். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. குடியிருப்பில் இருக்கிறவர்களுக்குத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டு, தானுண்டு தன் தையல் இயந்திரம் உண்டு என்று இருப்பாள். அவளிடம் ஒரே ஒரு குறை. எதையும் நேராகச் சொல்லத் தெரியாது. "அது வந்து" என்று ஆரம்பிப்பாள். அப்புறம் எதிர்வீட்டுக்காரியின் சட்டைக் கைக்குப் போவாள், அங்கிருந்து நூல் விலைக்குப் போவாள், சொல்ல வந்தது நடுவழியில் இறங்கிப் போயிருக்கும். நான் கூடமாட உதவி செய்வேன். "விஷயத்துக்கு வா" என்பேன். அவள் தேடும் சொல்லை நானே எடுத்துக் கொடுப்பேன். விருந்தாளிகள் வந்தால், அவள் தொடங்கிய கதையை நானே சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவேன். அவர்களும் சிரிப்பார்கள். வருடங்கள் போகப் போக அவள் பேச்சு குறைந்தது. முன்னேற்றம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா என்றால் அவளுக்கு உயிர். ஞாயிறு பதினோரு மணிக்குத் தையல் இயந்திரம் நின்றுவிடும். அன்று எனக்கு விடுமுறை, நிகழ்ச்சி தானாகப் போய்க்கொண்டிருக்கும். நான் எதிரே பத்திரிகை படித்துக்கொண்டிருப்பேன். அந்த நிகழ்ச்சியை நான்தான் செய்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் "அவங்க என்ன பேசறாங்கன்னு நான் கேக்கறதே இல்ல, சத்தம் சரியா விழுதான்னு மட்டும்தான் பாப்பேன்" என்று கல்யாணமான புதிதிலிருந்து பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். அவள் அதை அப்படியே நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் போன் செய்திருக்கிறாள்.

அந்த வியாழக்கிழமை டாக்டரம்மா வந்து, பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். வந்திருந்த கேள்விகளை நான் முன்கூட்டிக் கேட்பதில்லை. வரிசையாகப் போட்டுவிடுவேன். நடுவில் ஒரு பெண் குரல் வந்தது. போனில் துணியைச் சுற்றிப் பேசியிருந்தாள். துணி சுற்றினால் குரலின் மேல் பாகம்தான் மங்கும். ஆளை மறைக்காது.

"அது வந்து டாக்டரம்மா, எங்க வீடு மூணாவது மாடி. ஏறி வரும்போது பாதியில நெஞ்சை இறுக்கிப் பிடிக்குது. இடது கை கனத்துப் போகுது. உக்காந்தா சரியாயிடுது. இது ஒண்ணு. இன்னொண்ணு, எங்க வீட்டுக்காரர். நல்லவர்தான். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். ஆனா நான் பேசினா முடிக்க விடமாட்டார். கல்யாணம் ஆன நாள்லேருந்து அவர்கிட்ட ஒரு பேச்சை நான் முழுசா பேசி முடிச்சதில்ல. இப்பல்லாம் மனசுக்குள்ள பேசினாக்கூட பாதியில நின்னுடுது. என் தங்கச்சி வெளியூர்ல தையல்கடை வச்சிருக்கா. வந்து என்கூட இருக்கான்னு கூப்பிடறா. இந்த வயசுல, இதுக்காக ஒரு பொம்பளை வீட்டை விட்டுப் போகலாமா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா? பைகூட எடுத்து வச்சிட்டேன். நீங்க போன்னா போறேன், இருன்னா இருந்துடறேன்."

அந்த இயந்திரத்திடம் அவள் எல்லா வாக்கியத்தையும் முடித்திருந்தாள். ஒலி கொஞ்சம் தாழ்வாக இருந்தது, ஏற்றி வைத்தேன்.

டாக்டரம்மா டீயைக் கீழே வைத்துவிட்டார். பதில் எனக்கு மனப்பாடம். "மாடிப்படி அம்மா, இது வாயுவும் இல்ல, வயசும் இல்ல. இது நெஞ்சு. எடுத்து வச்ச பையோட இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க பாத்து முடிச்சதும் திரும்ப அந்த மாடிப்படியை ஏறாம அங்கிருந்தே தங்கச்சி வீட்டுக்குப் போயிடுங்க. பேச விடாத வீட்ல நெஞ்சு இறுக்காம வேற என்ன செய்யும்? யாரும் சிரிக்க மாட்டாங்க. சிரிச்சா என்கிட்ட அனுப்பி வைங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தாளை ஒரு காது டாக்டர் பாத்தா தேவல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். அவரும் உங்களிடம் சொல்லியிருப்பார். "இதை ஞாயிறு வரைக்கும் வச்சிருக்காதீங்க. மெஷின்ல நம்பர் விழுந்திருக்கும்ல, இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடுங்க." சரி என்றேன். சொன்ன சொல் தவறவில்லை, அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். வர நேரமாகும், எனக்காகக் காத்திருக்காமல் சாப்பிட்டுவிடு என்றேன். சரிங்க என்றாள்.

அவள் போய்விடுவாள் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. டாக்டரம்மா சொன்னால் போய்விடுவாள். எனக்கு அப்போது கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. தையல் இயந்திரத்தின் சத்தம் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். நான் சத்தங்களோடு வாழ்கிறவன். வாசல் கதவைத் திறந்ததும் உள்ளே ஒன்றுமே கேட்காத ஒரு வீட்டுக்கு எப்படிப் போவது? பயமாக இருந்தது. அவள் என்னைப் பற்றிச் சொன்னது வலித்தது. ஆனால் வலித்ததற்காக நான் எதுவும் செய்யவில்லை. பயந்துதான் செய்தேன்.

அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கூடாது என்பது என் எண்ணமே அல்ல. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு தங்கச்சியை மட்டும் எடுத்துவிடத்தான் முதலில் முயன்றேன். ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல நான். ஆனால் டாக்டரம்மா 'போங்க' என்ற சொல்லின் வாலிலேயே 'பாத்து முடிச்சதும்' என்று ஏறிவிட்டிருந்தார். அத்தனை சத்தமாக மூச்சிழுக்கிறவர், அந்த ஓர் இடத்தில் இழுக்கவில்லை. எங்கே வெட்டினாலும் ஒட்டு தெரிந்தது. அரைகுறை வேலையை நான் வெளியே விடுவதில்லை. ஆகவே பதிலையே முழுதாக மாற்ற வேண்டியதாயிற்று.

வீட்டுக்குப் போய் நானே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். டாக்டரம்மா சொன்னால்தான் கேட்பாள்.

மாற்றுவது கஷ்டமாக இல்லை. டாக்டரம்மாவின் பழைய பதில்கள் அத்தனையும் என்னிடம் இருந்தன, மனிதர்களின் வியாதிகளும் கவலைகளும் திரும்பத் திரும்ப ஒன்றேதான். 'மாடிப்படி அம்மா' என்ற விளியை அன்றைய பதிவிலிருந்தே எடுத்தேன். 'இது வெறும் வாயு, பயப்பட ஒண்ணுமில்ல' என்பது வெந்நீர்த் தம்பிக்குச் சொன்னது. 'இப்போதைக்கு வெளியூர்ப் பயணம் எதுவும் வேண்டாம்' என்பது ஒரு கர்ப்பிணிக்குச் சொன்னது. 'உங்க வீட்டுக்காரர் சொல்றதைக் கேளுங்க' என்பது புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணுக்கு. அந்தப் பெண்ணிடம் டாக்டரம்மா மேற்கொண்டு 'கேட்டுட்டு உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க' என்றும் சொல்லியிருந்தார். அது இங்கே தேவைப்படவில்லை. இடையிடையே மூச்சுகளை வைத்தேன். பயணம் வேண்டாம் என்பதற்கு முன்னால் கொஞ்சம் கரிசனமான மூச்சு ஒன்று. முழுதும் அவர் சொற்கள், அவர் குரல். என் சொல் ஒன்றுகூட இல்லை.

அவள் கேள்வியையும் சுருக்கினேன். மாடிப்படியையும் தங்கச்சி கூப்பிடுவதையும் வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரரைப் பற்றிய பாகத்தை எடுத்தேன். குடும்ப விஷயம், ஊருக்கே ஒலிபரப்ப வேண்டியதில்லை. 'அது வந்து' என்பதையும் எடுத்தேன். அது பழக்க தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை 'மாடிப்படி அம்மா' என்று கேட்டதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வகுப்பில் தன் பெயரைக் கூப்பிடக் கேட்ட பெண் மாதிரி இருந்தது முகம். எனக்கே சந்தோஷமாக இருந்தது. பிறகு பதில் வந்தது. அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "யாருக்கோ பயணம் வேண்டாம்னு சொல்றாங்க" என்றாள். "அப்படியா, நான் கவனிக்கல" என்றேன். உள்ளே போனாள். பையின் ஜிப் திறக்கும் சத்தம், அலமாரிக் கதவு, துணிகள் ஒவ்வொன்றாகப் பலகைமேல் திரும்பும் சத்தம். பத்திரிகையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டேன். நிம்மதியாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் வாரந்தோறும் போன் செய்ய ஆரம்பித்தாள். நானும் இயந்திரத்தை முன்கூட்டியே கேட்டு, அவள் கேள்வியைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் பதிலைச் செய்து ஞாயிறன்று அனுப்புவேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், நானும் அவளும் அந்த மாதங்களில் பேசியது போல் அதற்கு முன் மனம்விட்டுப் பேசியதே இல்லை. அவள் பேசுவதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை, திரும்பத் திரும்பக் கேட்டேன். நான் தேர்ந்தெடுத்த திரைச்சீலை நிறம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அப்படித்தான் தெரிந்தது. மறுவாரமே மாற்றினேன். என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். என்மேல் கோபம் வந்தால் அழுகைதான் முதலில் வருகிறது என்று ஒருநாள் சொல்லியிருந்தாள். 'ஆம்பளைங்க அப்படித்தான், மனசுல வச்சுக்காதீங்க' என்று டாக்டரம்மா எப்போதோ யாருக்கோ சொன்னதை அனுப்பினேன். அந்த ஞாயிறு மத்தியானம் எனக்கு அவளே டீ போட்டுக் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உடம்பு மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. முதலில் மாடியேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். அப்புறம் கீழே போவதையே நிறுத்திக்கொண்டாள். கால் வீங்குவதாகச் சொன்னாள், 'உப்பைக் குறைங்க' என்பது என்னிடம் இருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள், 'தலையணையை உசத்தி வச்சுக்கோங்க' என்பதும் இருந்தது. தங்கச்சி போனில் சண்டை போடுவாள். "ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொலையேன்" என்று கத்துவது எனக்கே கேட்கும். இவள், "டாக்டரம்மாவே வாயுன்னு சொல்லிட்டாங்க, உனக்கு அவங்களைவிடத் தெரியுமா?" என்பாள். எங்கள் ஒலிபரப்பு தங்கச்சி ஊர்வரைக்கும் எட்டாது. அவளால் என்ன சொல்ல முடியும்?

ஒரு வாரம் இயந்திரத்தில், "டாக்டரம்மா, எதுக்கும் நான் நேர்ல வந்து ஒரு தடவை காட்டட்டுமா?" என்று கேட்டிருந்தாள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறினேன் என்று சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்கான பதில்தான் என்னிடம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மேனேஜர் சொல்லி நான் வெட்டி வைத்தவை எல்லாம் அதுதான். ஒன்றை எடுத்து ஒட்டினால் போதும், ஒட்டுவதற்குக்கூட வேலை இல்லை. ஒன்றைப் போட்டும் கேட்டேன். 'எதுக்கும் நேர்ல ஒரு தடவை காட்டிடுங்க.' நல்ல பதிவு, பின்னால் பல் மருத்துவர் சத்தம்கூட இல்லை. ஆனால் அவள் நேரில் போனால் டாக்டரம்மா குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார், உடனே தங்கச்சிக்குத் தெரியும், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். 'அவசரம் இல்ல, மெதுவா பாத்துக்கலாம்' என்பதை அனுப்பினேன். அது மூட்டுவலி வாத்தியாருக்குச் சொன்னது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மாவும் திடீரென்று கேட்டார். "அந்த மாடிப்படி அம்மா என்ன ஆனாங்க? போனாங்களா, இல்லையா?"

"போயிட்டாங்களாம் டாக்டர். வைத்தியம் பாத்துக்கிட்டு இப்ப தங்கச்சி வீட்லதான் இருக்காங்களாம்."

"அப்பாடா," என்றார். "இந்த ஒரு பொம்பளைக்காகவாவது நான் இந்தப் பெட்டி முன்னாடி உக்காந்தது வீண் போகல." கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. அவரை நான் சந்தோஷப்படுத்தியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாமல் எல்லாரையும் வைத்திருந்தேன். அது லேசான வேலை இல்லை.

பிறகு நடந்ததில் பாதி உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. காரியங்கள் முடிந்த பிறகு, என் மைத்துனி டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு, நோயாளிகளோடு நோயாளியாக வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். முறை வந்ததும் உள்ளே போய், "எங்க அக்காவை ஏன் ஆஸ்பத்திரிக்குப் போக விடல?" என்று ஒரே கேள்வி. டாக்டரம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு நிலையத்துக்கு வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் நிகழ்ச்சியைப் போட்டுக் கேட்டார். நான் அப்போது பக்கத்து அறையில்தான் இருந்தேன். "இதெல்லாம் நான் சொன்னதுதான்," என்றார். "ஆனா இவங்களுக்குச் சொல்லல." அதன் பிறகு மூச்சு மட்டும் கேட்டது, பெரிய மூச்சு.

உண்மையான பதிலை ஏன் அழிக்கவில்லை, அதை அழித்திருந்தால் உன்னைப் பிடித்திருக்கவே முடியாதே என்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார். அவ்வளவு நல்ல பதிவை யார் அழிப்பார்கள்?

மிச்சம் இருப்பது அந்தக் கடைசி ஞாயிறு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரம் கீழே பல் மருத்துவர் புதிய நாற்காலி பூட்டுகிறேன் என்று சனிக்கிழமை மாலைவரை சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார். என் வேலை எல்லாம் தள்ளிப்போய், அவள் பதிலை அவசர அவசரமாகச் செய்தேன். அவள் கேள்வியும் அந்தத் தடவை சின்னது. "முடியல டாக்டரம்மா. உக்காந்தாலும் முட்டுது. என்ன செய்யட்டும்?" அவ்வளவுதான். 'அது வந்து' இல்லை, கிளைக்கதை இல்லை. இதைத்தானே இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்தேன் என்று தோன்றியது.

ஞாயிறு காலை விடிந்ததிலிருந்து அவள் நாற்காலியில் நிமிர்ந்தபடியே இருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. உதடு நிறம் மாறியிருந்தது. "ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றாள். கல்யாணமாகி என்னிடம் அவள் நேராகக் கேட்ட கேள்வி என்றால் அதுதான். கடிகாரத்தைப் பார்த்தேன். "உனக்குப் பிடிச்ச டாக்டரம்மா இப்ப வந்துடுவாங்களே, அதைக் கேட்டுட்டுப் போலாம்" என்றேன். தலையை ஆட்டினாள். வானொலியை நானே போட்டேன். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கை ஈரமாகவும் குளிர்ந்தும் இருந்தது. என்ன பதில் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி தெருமுனையில் இருப்பதும் தெரியும். அவள் செத்துக்கொண்டிருக்கிறாள் என்பதும், ஆம், தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். கொன்றது நான்தான். அதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

'மாடிப்படி அம்மா, பயப்பட ஒண்ணுமில்ல. அமைதியா இருங்க. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்.'

கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூச்சுகளை வைக்க மறந்திருந்தேன். சனிக்கிழமை அவசரத்தில் வெறும் சொற்களை மட்டும் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். அத்தனை வருடத்தில் அப்படி ஒரு தவறு என் கையிலிருந்து வெளியே போனதில்லை. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த வீட்டில் அன்று மூச்சைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த ஒருத்தி இருந்தாள்.

"டாக்டரம்மா மூச்சே எடுக்கலங்க," என்றாள்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, என் கையிலிருந்த தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"நீங்கதானா?" என்றாள்.

கையை நீட்டி வானொலியை அவளே அணைத்தாள். "அது வந்து" என்று ஆரம்பித்தாள். நான் குறுக்கே பேசவில்லை. விஷயத்துக்கு வா என்று சொல்லவில்லை, சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே முழுதாகச் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவசரப்படுத்தக் கூடாது என்பதற்காக, போன் பக்கம்கூடப் போகவில்லை. ரொம்ப நேரம் காத்திருந்தேன். இனி முடிக்கமாட்டாள் என்று தெரிந்த பிறகுதான் எழுந்துபோய் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அவள் பேச்சை நான் வெட்டவில்லை என்பதற்கு அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இந்தப் பதிவை நீங்கள் நீதிமன்றத்தில் போட்டுக் காட்டுவீர்கள், என் மைத்துனியும் வந்து உட்கார்ந்திருப்பாள். ஒரே ஒரு வேண்டுகோள். 'நீங்கதானா' என்று அவள் கேட்டதாகச் சொன்னேனே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள். முன்னால் சொன்னதும் பின்னால் சொன்னதும் சரியாக ஒட்டிக்கொள்ளும், அர்த்தம் ஒன்றும் மாறாது.